கல்வெட்டில் தொகை வேண்டாம்: எங்கள் குருசேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், நம் சபையை நடத்தும் குருசேகரக் கமிட்டியில் இருக்கும் ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் செயலாளர் அண்ணன் வாசித்த தீர்மானத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிய மண்டபத்தின் முன்சுவரில் கிரானைட் பலகை பதிக்கப்போகிறோம் என்றார். ஒரு லட்சமும் அதற்கு மேலும் கொடுப்பவர்களின் பெயர் தொகையோடு பொன்னெழுத்தில் வரும். ஐம்பதாயிரம் என்றால் அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில். பத்தாயிரம் என்றால் பொதுப் பட்டியலில். அப்பா அம்மா நினைவாகக் கொடுப்பவர்கள் அவர்கள் படத்தையும் கல்லில் பொறித்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம். அப்புறம், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் போட்டி இந்த அறுப்பின் பண்டிகைக்கும் உண்டு, முதல் பரிசு சைக்கிள்.

பொன்னெழுத்துத் தொகைக்கும் சரி, சைக்கிளுக்கும் சரி, என் சம்மதம் இல்லை. பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்லலாம்தான். ஆனால் நம் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் மண்டபத்தைப் பற்றி ஆரம்பித்தால் இன்னொருத்தர் போன தேர்தலில் சந்தா பாக்கி வைத்தவர்களுக்கு எப்படி ஓட்டு கொடுத்தீர்கள் என்று கேட்பார், மணி ஒன்றாகிவிடும், பிரியாணி ஆறிப்போய்விட்டதென்று எல்லாரும் எழுந்துவிடுவோம். அதனால் எழுத்தில்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்குப் பணம் வேண்டும். கம்பி விலையும் எம்-சாண்ட் விலையும் யார் கையிலும் இல்லை. கல்லில் பெயர் வரும் என்றால் நாலு பேர் கூடக் கொடுப்பார்கள் என்பது அனுபவத்தில் கண்டது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பணம் அனுப்பிவிட்டு, அம்மாவிடம் வீடியோ காலில் "எங்கே, பெயரைக் காட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். பெயர் போடுவதே பாவம் என்று சொல்கிற ஆள் நானில்லை. நம் ஆலயத்து மின்விசிறி இறக்கைகளில் சிவப்புப் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கிறது. ஓடினால் பெயர் தெரியாது, நின்றால் காற்று வராது. அதைப் பார்த்துச் சிரித்தபடியே வளர்ந்தவர்கள்தான் நாம்.

பெயர் போடுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இரண்டாயிரம் வருஷத்துப் பழையவை. சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை முதலானவை செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. உப்பு வணிகன் ஒருவன், ஏர்க்கொழு விற்கிறவன் ஒருவன், மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன் ஒருவன். நாம் அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் பார்க்கிறோம், அந்த மலையில் நம் ஊர்க் கடைக்காரர்கள் இப்படிப் பெயர் விட்டுப்போயிருப்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு: பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது. எத்தனை காசு கொடுத்தான் என்பது அதில் இல்லை. உப்பு விற்றவன் உப்பு விற்றவனாகவே அங்கே நிற்கிறான், பெரிய கொடையாளி, சின்னக் கொடையாளி என்ற வரிசையில் இல்லை.

வேதத்திலும் அப்படித்தான். நெகேமியா 3ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை, வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுவோம். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டினவர்களின் பட்டியல் அது. தட்டான் ஒருவன், தைலக்காரன் ஒருவன், ஆசாரியர்கள், தன் குமாரத்திகளோடு வந்து கட்டின சல்லூம். இன்னார் இந்த வாசலிலிருந்து இந்தக் கொத்தளம்வரை கட்டினார்கள் என்று இருக்கும். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்! (நம் பலகையில் அப்படி ஒரு பகுதி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்தேன்.) அந்த அதிகாரத்தில் காசுக் கணக்கே கிடையாது.

7ஆம் அதிகாரத்தில் தொகை வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. ஆனால் எப்படி வருகிறது என்று பாருங்கள். அதிபதி இவ்வளவு கொடுத்தான், வம்சத் தலைவரில் சிலர் இவ்வளவு, மற்ற ஜனங்கள் இவ்வளவு. அதிபதியையும் பதவியால்தான் சொல்லியிருக்கிறது, தனி ஆள் பெயருக்கு நேரே ஒரு தொகையும் இல்லை. எண்ணாகமம் 7ல் பெயரும் தொகையும் சேர்ந்து வருகிறதே என்றால், அதுவும் உண்மைதான். பன்னிரண்டு பிரபுக்கள், பன்னிரண்டு நாள். ஒவ்வொருவரும் கொண்டுவந்தது நூற்றுமுப்பது சேக்கல் (அந்தக் காலத்து எடை) வெள்ளித்தாலம், எழுபது சேக்கல் வெள்ளிக்கலம் என்று அச்சு மாறாமல் ஒன்றே. பன்னிரண்டு தடவையும் வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறது, வாசிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வருகிற அளவுக்கு. ஒருத்தன் இன்னொருத்தனைவிட ஒரு சேக்கல் கூட வைக்கவில்லை. நம் பலகையோ ஒரு லட்சம், ஐம்பதாயிரம், பத்தாயிரம் என்று மூன்று படி.

சரி, இயேசுவே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்தாரே? பார்த்தார். கமிட்டிக் கூட்டத்தில் இந்த வசனத்தை யாராவது எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். அவர் பார்த்தது பெட்டிக்குள் விழுந்ததை மட்டும் இல்லை, போட்டவர்கள் வீட்டில் மிச்சம் என்ன இருந்தது என்பதையும். நம் பலகையில் அந்த இரண்டாவது கணக்கை எழுத இடமில்லை. தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்டாளே ஒரு ஏழை விதவை, அவள் பெயரும் நமக்குத் தெரியாது.

பெத்தானியாவில் பரிமள தைலம் ஊற்றின பெண்ணைப் பற்றி ஆண்டவர் சொன்ன வார்த்தையைவிடப் பெரிய நினைவுப் பலகை எனக்குத் தெரிந்து இல்லை. "இந்தச் சுவிசேஷம் உலகத்தில் எங்கெங்கே பிரசங்கிக்கப்படுமோ அங்கங்கே இவளை நினைப்பதற்காக இவள் செய்ததும் சொல்லப்படும்." இதை எழுதிய மத்தேயு அவள் பெயரை எழுதவில்லை. மாற்குவும் எழுதவில்லை. அவர்கள் எழுத்தில் அவள் செய்தது மட்டும் நின்றுவிட்டது. அந்தத் தைலத்தின் விலை மட்டும் நமக்குத் தெரியும், முந்நூறு பணம். அந்தத் தொகையை வாயைத் திறந்து சொன்னது யார்? அங்கே உட்கார்ந்து முறுமுறுத்தவர்கள். அப்படிச் சொன்னது யூதாஸ்காரியோத்து என்று யோவான் பெயரோடு எழுதிவிட்டார். அந்த வீட்டில் ரூபாய்க் கணக்கு பேசியது அந்த முறுமுறுப்புதான்.

இப்போது நம் ஆலயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியல் வாசிக்கிறோம். எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். பிரசங்கத்தைவிட என்று சொன்னால் ஆயர் ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. இன்ன குடும்பத்தார், மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. இன்னார், மகள் பிளஸ் டூவில் பாஸானதற்காக. பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, வீட்டில் சமாதானம் கிடைத்ததற்காக. இந்தக் கடைசி வகை வரும்போது ஆலயமே ஒரு நொடி காதைத் தீட்டும், யாராயிருக்கும் என்று. அந்தப் பத்து நிமிஷத்தில் நம் சபையின் அந்த வாரத்துக் கதை முழுவதும் வந்துவிடுகிறது. யார் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டு நினைவு நாள், எல்லாம்.

பிரச்சினை ஒவ்வொரு வரியின் கடைசியில் இருக்கிறது. "ரூபாய் இருநூறு." "ரூபாய் ஐயாயிரம்." மகன் உயிர் பிழைத்ததற்கு இருநூறு, புது கார் வாங்கினதற்கு ஐயாயிரம். இருநூறு கொடுத்த வீட்டில் அந்த ஆபரேஷனுக்கு நகை அடகுக்குப் போயிருக்கிறது. மைக்கில் கேட்கும்போது அது இருநூறு ரூபாய் நன்றியாகத்தான் கேட்கிறது. எனக்கு முன்பெஞ்சில் உட்காருகிற ஒரு பாட்டி, நூறு ரூபாய் வைத்தால் அந்தக் கவரில் பெயர் எழுத மாட்டார். வெட்கம். ஆகவே அவர் எதற்காக நன்றி சொன்னார் என்பது சபைக்குத் தெரியாமலே போகிறது. அந்தப் பாட்டி சொல்லாமல் விட்ட கதைகளைக் கேட்க எனக்கு ஆசை.

கொடுக்கும்போது கதை சொல்ல வேண்டும் என்பது மோசே காலத்துக் கட்டளை. உபாகமம் 26ஐ அறுப்பின் பண்டிகையில் வருஷா வருஷம் வாசிக்கிறோம், முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகிற பகுதி. கூடையை ஆசாரியன் வாங்கி பலிபீடத்துக்கு முன் வைத்ததும், கொண்டுவந்தவன் வாயைத் திறந்து பேச வேண்டும். அவன் பேசுவதில் கூடையின் எடை கிடையாது. "என் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியா தேசத்தானாயிருந்தான்" என்று ஆரம்பிக்கிறான். எகிப்துக்குப் போனோம், அடிமையானோம், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்த நிலத்தைக் கொடுத்தார், இதோ இந்த நிலத்தின் கனி. பாட்டன் காலத்து வறுமையை ஊர் முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் கூடையை வைக்கிறான். அதோடு முடியவில்லை. லேவியனும் உன்னிடத்திலிருக்கிற பரதேசியும் உன்னோடு சந்தோஷப்பட வேண்டும் என்கிறது. நினைவும் கொடையும் விருந்தும் ஒரே மூச்சில் வருகின்றன, வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள்.

நாம் வாசிப்பதை வாசித்துவிட்டு, நேரே ஏலத்துக்குப் போய்விடுகிறோம்.

ஏலத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். கரிசல் காட்டுச் சபைக்கு ஏலம் இல்லாத அறுப்பின் பண்டிகை எப்படி? வாழைத்தாரும் பூசணியும் சோளக்கதிரும் பீடத்தைச் சுற்றி அடுக்கியிருக்க, காலைக் கட்டிப்போட்ட சேவல் பிரசங்கத்தின் நடுவில் கூவ, மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பூவைப் பந்து பந்தாகக் கொண்டுவர, ஒருதரம் ரெண்டுதரம் என்று பொருளாளர் அண்ணன் குரல் கட்டிப்போகும்வரை கத்த, ஒரு இளநீர் இரண்டாயிரத்துக்குப் போக, அதை எடுத்தவர் திரும்பவும் ஏலத்துக்கே விட, அது ஒரு கொண்டாட்டம். அதில் போட்டி இருந்தாலும் பகை இல்லை. யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பது மறுநாள் மறந்துவிடும். கல்லில் வெட்டினால் மறக்காது.

பிள்ளைகளுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

உண்டியல் போட்டி தொடங்கிய நோக்கம் நல்லது. ஆவணி வாக்கில் பிள்ளைகளுக்கு மண் உண்டியல் கொடுப்போம், பண்டிகையன்று கொண்டுவந்து உடைப்பார்கள், எண்ணி அறிவிப்போம். சேமிக்கவும் கொடுக்கவும் பழகட்டும் என்பதுதான் எண்ணம். நான் உண்டியல் எண்ணும் மேசையில் உட்காருகிறவள், ஆகவே கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். போன வருஷம் முதல் பரிசு வாங்கிய உண்டியலை உடைத்தபோது மேலே கொஞ்சம் சில்லறை, அடியில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வங்கி மடிப்புக் கலையாமல் சுருட்டிக் கிடந்தன. அந்தத் தம்பி ஒளிவுமறைவு தெரியாத பிள்ளை. "அப்பா நேத்து நைட்டு போட்டாங்க டீச்சர், ஓட்டைக்குள்ள போகலைன்னு ஸ்கேல் வச்சுத் தள்ளினாங்க" என்றான்.

அடுத்த உண்டியல் ஒரு பெண் பிள்ளையுடையது. அம்மா பூக்கட்டுகிறார், பள்ளி விட்டு வந்தால் பிள்ளையும் கூட உட்கார்ந்து கட்டும். அம்மா அதன் பங்குக்குத் தினமும் கொடுக்கிற சில்லறையை உண்டியலில் போட்டிருக்கிறாள். உடைத்தால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள், அவற்றோடு பூ கட்டுகிற நார்த் துணுக்கு இரண்டு மூன்று. ஈரக் கையோடு போட்டிருப்பாள் போல, சில நாணயங்களில் நார் ஒட்டியிருந்தது. நூற்றுச் சொச்சம் வந்தது. வாசித்தோம். எல்லாருக்கும் தட்டிய மாதிரி அவளுக்கும் கைதட்டினோம். இந்த வருஷம் உண்டியல் கொடுத்தபோது அவள் வரிசையில் வரவில்லை. கூப்பிட்டேன். "வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டாள்.

அந்தத் தம்பியும் நல்லதைக் கற்றுக்கொள்ளவில்லை, அதையும் கவனியுங்கள். அவன் ஒன்றுமே கொடுக்கவில்லை. அப்பா கொடுத்தார், அவன் சுமந்து வந்தான், சைக்கிள் வாங்கினான். நாம் ஞாயிற்றுக்கிழமை செய்வதும் இதுதானே? காணிக்கைப் பை நம் வரிசைக்கு வரும் நேரத்தில் சட்டைப் பையைத் துழாவி ஒரு பத்து ரூபாயை எடுத்துப் பிள்ளை கையில் திணிப்போம், பிள்ளை அதைப் பையில் போடும், பக்கத்தில் இருப்பவர்கள் அழகு என்று சிரிப்பார்கள். அந்தப் பத்து ரூபாய் அந்தப் பிள்ளை கையில் இருந்தது இரண்டு விநாடி. அது அவனுடையதாக இருந்ததே இல்லை. தன்னுடையதை விடும்போதுதான் விரல் கொஞ்சம் இறுக்கும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தப் பழகுவதுதான் காணிக்கை என்று நான் நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மாமா, சித்தப்பா கொடுக்கிற காசு இருக்கிறது. அதில் எவ்வளவு, எதற்கு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒன்றுமே கொடுக்க மாட்டேன் என்றாலும் விட்டுவிடுங்கள். "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று மனப்பாட வசனம் ஒப்பிக்க வைத்துவிட்டு, ஒப்பித்த வாயை அடைத்துப் பிடுங்குவது நியாயம் இல்லை.

அமெரிக்காவில் பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு சங்கம்தான் 1834ல் மதுரைக்கு மிஷனெரிகளை அனுப்பியது. நம் சபைகளின் வேர் அதில் இருக்கிறது. அதே சங்கத்துக்கு 1856ல் பசிபிக் தீவுகளில் ஊழியம் செய்ய ஒரு கப்பல் தேவைப்பட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஒரு பங்கு பத்து சென்ட். பங்கு வாங்கின பிள்ளைக்குச் சான்றிதழ் ஒன்று கையில் வரும், இந்தக் கப்பலில் உனக்கும் பங்கு உண்டு என்று. கப்பல் கட்டி முடிந்தது, விடிவெள்ளி என்று பொருள்படும் மார்னிங் ஸ்டார் என்ற பெயரோடு கடலில் இறங்கியது. யார் முதலிடம் என்று அங்கே பரிசு வைத்ததாக நான் படித்ததில்லை. எனக்கும் ஒரு பலகை, ஒரு ஆணி இருக்கிறது என்ற நினைப்பே அந்தப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. நம் மண்டபத்துக்கு அப்படி ஒன்று செய்யக்கூடாதா? செங்கல் ஒன்றுக்கு என்ன விலையோ அதுதான் ஒரு பங்கு, எந்தப் பிள்ளையும் வாங்கலாம். கொத்தனாரிடம் சொல்லி ஒரு சனிக்கிழமை பிள்ளைகளே ஆளுக்கொரு கல் எடுத்து வைக்கட்டும். அந்தச் சுவரைப் பூசி மறைத்தாலும் பரவாயில்லை, எங்கே வைத்தோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கு முன்மாதிரி வேண்டும் என்றால் நம் சபைப் பெண்களிடமே இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாக வாங்கி ஒரே சாக்கில் கொட்டுவார்கள். கொட்டிய பிறகு எது யாருடைய கைப்பிடி என்று ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபையார் இதையே 1910லிருந்து விடாமல் செய்து, அந்த அரிசியை விற்ற காசு இன்றைக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. அதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறோம். நம் ஊரில் கேஸ் அடுப்பும் ரேஷன் அரிசியும் குக்கரும் வந்தபின் இந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது. நம் ஆலயத்துத் தரைக்கல் இந்த அரிசிக் காசில் போட்டது என்று என் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள எத்தனை பேருக்கு அது தெரியும்? தரையில் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்க வேண்டிய கதை அதுதான்.

யோர்தான் ஆற்றிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்துவந்து கில்காலில் நாட்டியபோது யோசுவா சொன்ன காரணம் ஞாபகம் இருக்கிறதா? "நாளை உங்கள் பிள்ளைகள்: இந்தக் கற்கள் ஏதென்று உங்களைக் கேட்கும்போது." பிள்ளை கேட்க வேண்டும், அப்பா சொல்ல வேண்டும், கல் அதற்காக அங்கே இருக்கிறது. ஒரு கோத்திரத்துக்கு ஒரு கல் என்று எடுத்தார்கள், யூதா கோத்திரம் பெரியது என்று அவர்களுக்குப் பெரிய கல் எடுக்கச் சொல்லவில்லை. நம் பொன்னெழுத்துப் பலகையைப் பார்த்து ஒரு பிள்ளை என்ன கேட்கும்? "அப்பா, நம்ம பேர் எங்கே?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முக்கால்வாசி வீடுகளில் பதில் இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிற நம் சபைப் பெண்கள் கான்கிரீட் போட்ட அன்று கூலி வாங்காமல் சட்டி சுமந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பலகையில் பதில் இருக்காது.

இறந்தவர்களை நினைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் நினைவாகக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அது அருமையான காரியம். எங்கள் தெருவில் ஆர்.சி. குடும்பங்கள் அதிகம், நவம்பர் 2ஆம் தேதி அவர்கள் கல்லறைக்குப் போவதைப் பார்க்கிறேன். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் யாரும் வராத கல்லறைக்கும் ஒரு திரி கொளுத்திவிட்டு வருவார்கள். பிள்ளைகள் கூடவே ஓடும், இது யாரு, அது யாரு என்று கேட்கும், அந்த ஒரு மாலையில் மூன்று தலைமுறைக் கதை சொல்லப்பட்டுவிடும். நம்மவர்களும் ஈஸ்டருக்குப் போகிறோம், ஆனால் விடியற்காலை அவசரத்தில் போய்விட்டு ஆராதனைக்கு ஓடிவந்துவிடுகிறோம். தாத்தா படத்தைக் கிரானைட்டில் லேசரில் செதுக்க ஒரு கட்டணம் வாங்குகிறீர்கள். அந்தத் தாத்தா எப்படி விசுவாசத்துக்கு வந்தார், யாரோடு சண்டை போட்டார், எந்தப் பாட்டை உரக்கப் பாடுவார் என்பது அந்தப் படத்தில் வராது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவூட்டுகிறார். அந்தப் பாட்டி ஆலயத்துக்கு என்ன உபயம் செய்தாள் என்பதைச் சொல்லவில்லை, அவளுக்குள் இருந்த விசுவாசம் உனக்குள்ளும் இருக்கிறது என்று சொல்கிறார். பேரப்பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

மூத்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கையில் எல்லாம் போன் இருக்கிறது. ஆளுக்கொரு மூத்தவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசவைத்து எழுதட்டும், பதிவு செய்யட்டும். மண்டபச் சுவரில் ஒரு பெரிய சட்டத்துக்குள் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். மாதம் ஒன்று மாற்றினால் போதும். தரைக்கல் எந்தக் காசில் வந்தது, மணி எங்கிருந்து வந்தது, பஞ்ச காலத்தில் யார் வீட்டில் கஞ்சி காய்ச்சினார்கள் என்று பிள்ளைகள் வாசிக்கட்டும். இதற்குப் பெரிதாகச் செலவு ஒன்றும் இல்லை.

கணக்கு விஷயம் ஒன்று பாக்கி. தொகையை வாசிக்காவிட்டால் கமிட்டி சாப்பிட்டுவிட்டது என்பார்கள் என்று பொருளாளர் அண்ணன் என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் பயம் நியாயமானது. பவுலும் தர்மப்பணம் கொண்டுபோகும்போது யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்று ஆள் சேர்த்துக்கொண்டுதான் போனார். அதற்கு ரசீது இருக்கிறது, ரசீது எண் இருக்கிறது. மாதக் கடைசியில் மொத்த வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, வங்கி இருப்பு இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள். தனி ஆள் தொகையை மைக்கில் சொல்வதைவிட அதுதான் திருடனைப் பிடிக்கும். இப்போது நாம் கொடுத்தவர்களின் கணக்கை உரக்க வாசிக்கிறோம், செலவழித்தவர்களின் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை ரொம்ப வேகமாக வாசிக்கிறோம். பொருளாளர் அண்ணன் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

பொன்னெழுத்து இல்லை என்றால் ஒரு லட்சம் கொடுக்கிற சிலர் பின்வாங்கலாம். அதையும் மறைக்க வேண்டாம். அப்படியானால் மண்டபம் ஒரு வருஷம் தள்ளிப்போகட்டும், மாடி இல்லாமல் நிற்கட்டும். அதுவரை அன்பின் விருந்தை எப்போதும் போல வேப்பமரத்தடியில் பந்தல் போட்டுச் சாப்பிடுவோம், இத்தனை வருஷம் அப்படித்தானே சாப்பிட்டோம்.

ஆகவே வரும் கமிட்டிக் கூட்டத்தில் இவற்றை எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கும்போது பெயரும் காரணமும் போதும், தொகை வேண்டாம். உண்டியல் இருக்கட்டும், போட்டி வேண்டாம். பண்டிகையன்று எல்லா உண்டியலையும் ஒரே அண்டாவில் உடைத்துக் கொட்டலாம், சைக்கிளை யாருக்குக் கொடுப்பதென்று தவிக்க வேண்டாம். தூரத்திலிருந்து பள்ளிக்கு நடந்து வருகிற பிள்ளை நம் சபையிலேயே இருக்கிறது, ஆயர் ஐயாவுக்குத் தெரியும். மண்டபச் சுவரில் பெயர் போடத்தான் வேண்டும் என்றால் உதவின எல்லார் பெயரையும் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில், என்ன வேலை செய்தார்கள் என்பதோடு போடுங்கள். சட்டி சுமந்தவர், கம்பி கட்டியவர், பணம் தந்தவர், வேலைக்காரர்களுக்கு டீ போட்டவர்.

கிரானைட் பலகைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எழுத்து இன்னும் வெட்டவில்லை என்றால் கவலை இல்லை. மண்டபத்துச் சமையல்கட்டில் காய் நறுக்க ஒரு நல்ல மேடை வேண்டும் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். பலகையை வாங்கி அங்கே போட்டுவிடலாம். அளவு நான் எடுத்துத் தருகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி